30 பவுனை அடகு வைத்து விவாகரத்து வழக்கு நடத்தலாமா?

கேள்வி: எனக்கு 36 வயது. ஈரோட்டில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். கைக்கு வருவது 36,000 ரூபாய். கணவர் சென்னையில் இருக்கிறார். 20 மாதமாகத் தனித்தனியாக வாழ்கிறோம். 7 வயது மகள் என்னோடு இருக்கிறாள். சென்னையில் இருவர் பெயரிலும் ஒரு ஃபிளாட் உண்டு. அதன் கடனும் இருவர் பெயரில்தான். பரஸ்பர சம்மதம் என்றால் 50,000, எதிர்த்து நடத்தினால் முன்பணம் 30,000, அதற்குமேல் வாய்தாவுக்கு 2,000 என்கிறார் வக்கீல். குழந்தைக்கும் சேர்த்து 12 லட்சம் மொத்தமாகத் தருவதாகக் கணவர் வீட்டார் சொல்கிறார்கள். "கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார் அண்ணன். என் 30 பவுன் நகையை அடகு வைக்கலாமா?
- வாசகி, ஈரோடு

பதில்: நகை அப்படியே இருக்கட்டும், சகோதரி. நீங்கள் வக்கீல் ஃபீஸை நினைத்துக் கவலைப்படுகிறீர்கள். எனக்கோ அந்த ஃபிளாட் கடனும் 12 லட்சமும்தான் கவலை தருகின்றன.

முதலில் ஃபீஸ். வழக்கு சென்னையில் நடந்தால், வாய்தாவுக்கு 2,000, போய்வர 1,500, இழக்கும் ஒருநாள் சம்பளம் 1,200 என்று 4,700 ஆகும். மாதம் ஒரு வாய்தா வீதம் 3 வருடம் இழுத்தால், முன்பணத்தோடு சேர்த்து ஏறக்குறைய 2 லட்சம். இந்து திருமணச் சட்டப்படி, மனைவி தான் வசிக்கும் ஊரிலேயே மனு போடலாம். ஆகவே எந்த வழியில் போனாலும் மனு ஈரோட்டில் இருக்கட்டும்.

பரஸ்பர சம்மதத்துக்கு ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். அது உங்களுக்கு முடிந்துவிட்டது. மனு போட்ட பின் 6 மாதம் காத்திருக்க வேண்டும் என்பதும் கட்டாயமில்லை என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒன்றரை வருடத்துக்கு மேல் பிரிந்திருந்து, பணம், குழந்தை எல்லாம் பேசி முடித்திருந்தால் அந்த அவகாசத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம். 50,000 என்பது மனு முதல் தீர்ப்பு நகல் வரைக்குமா என்று வக்கீலிடம் எழுதி வாங்குங்கள். அதுவும் பாரமாக இருந்தால், பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100-க்கு அழையுங்கள்.

இனி கடன். சில வருடங்களுக்கு முன் ஒரு பெண் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து தன் போனை நீட்டினார். வங்கியிலிருந்து குறுஞ்செய்தி: மூன்று தவணை பாக்கி. "தீர்ப்பில் அவர்தான் கட்டணும்னு எழுதியிருக்கே சார்" என்று நகலையும் எடுத்து வைத்தார். எழுதித்தான் இருந்தது. ஆனால் கடன் பத்திரத்தில் அந்தப் பெண்ணின் கையெழுத்தும் இருந்தது; வங்கிக்கு அதுதான் கணக்கு. ஸ்கூட்டி வாங்கக் கேட்ட கடன்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. உங்களுக்கு அந்த நிலை வரக்கூடாது. ஃபிளாட்டை விற்றுக் கடனை அடையுங்கள். இல்லையென்றால் கணவர் தன் பெயருக்கு மட்டும் கடனை மாற்றிக்கொண்டு, உங்களை விடுவித்ததாக வங்கி தரும் கடிதம் உங்கள் கைக்கு வரட்டும். அதற்குப் பிறகுதான் இறுதிக் கையெழுத்து.

ஃபிளாட்டை அவருக்கே விட்டுக்கொடுப்பதென்றால், விடுதலைப் பத்திரத்தைத் தீர்ப்புக்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள். கணவன் மனைவியாக இருக்கும்வரை தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000. தீர்ப்பு வந்துவிட்டால் நீங்கள் ஒரே குடும்பம் இல்லை. தீர்வை 7 சதவீதம். உங்கள் பங்கு 25 லட்சம் என்று வைத்துக்கொண்டால், 25,000-க்கும் 1,75,000-க்கும் உள்ள வித்தியாசம் இது. உங்கள் பங்குக்கான பணமும் வங்கிக் கடிதமும் வராமல் பத்திரத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

அடுத்தது 12 லட்சம். கேட்கப் பெரிய தொகை. ஆனால் மகளுக்கு 18 வயதாக இன்னும் 11 வருடம் இருக்கிறது. அவள் செலவுக்கு இன்று மாதம் 10,000 என்று வைத்து, வருடம் 8 சதவீதம் கூட்டிப் பாருங்கள்: கடைசி வருடத்தில் மாதம் 21,589 வேண்டும். மொத்தம் ஏறக்குறைய 20 லட்சம். 12 லட்சத்தையும் 7 சதவீத வட்டிக்கு டெபாசிட்டில் போட்டு எடுத்துக்கொண்டே வந்தாலும் 10 வருடத்தில் தீர்ந்துவிடும். அப்போது அவளுக்கு 17 வயது, காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டிய நேரம். உங்களுக்கென்று இந்தத் தொகையில் ஒரு ரூபாய்கூட இல்லை.

அதனால் இரண்டையும் பிரித்துக் கேளுங்கள். உங்களுக்கு ஜீவனாம்சம் மொத்தத் தொகையாக இருக்கட்டும். மொத்தமாக வருவதற்கு வருமான வரி வராது, மாதாமாதம் வாங்கினால் வருமானமாகக் கணக்கிடுவார்கள். மகளுக்கு மாதத் தொகை தனியாக, வருடாந்தர உயர்வோடு. பள்ளி, கல்லூரிக் கட்டணத்தில் பாதி என்று மனுவில் தனியாக ஒரு வாக்கியம். "உயர்வு" என்ற சொல் மனுவில் இருக்கிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள். விட்டுப்போவது பெரும்பாலும் அதுதான்.

அவர்கள் இறங்கி வரவில்லையென்றால், அண்ணன் சொல்வதுபோல வழக்குதான். ஜீவனாம்ச வழக்கில் இருவரும் சொத்து, வருமானம், கடன் விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்பது 2020-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. ஆகவே கணவரின் சம்பளச் சீட்டு, கடன் கணக்கு, பாலிசி நகல் என்று உங்களிடம் இருப்பதையெல்லாம் இப்போதே ஒரு ஃபைலில் சேருங்கள்.

அந்த 30 பவுன் உங்கள் சீதனம், முழுக்க உங்களுடையது. ஒவ்வொரு நகையையும் படம் எடுத்து, எடை போட்டு, பழைய ரசீதோடு எழுதி வையுங்கள். லாக்கர் இருவர் பெயரில் இருந்தால் இந்த வாரமே உங்கள் பெயரில் தனி லாக்கருக்கு மாற்றுங்கள். பி.எஃப்., வங்கிக் கணக்கு நாமினி யார் என்று பாருங்கள். கணவரின் அலுவலக மருத்துவக் காப்பீட்டில் நீங்கள் இருந்தால், தீர்ப்பு வந்ததும் அது நின்றுவிடும். உங்கள் பெயரில் மகளையும் சேர்த்து ஒரு பாலிசியை இப்போதே எடுத்துவிடுங்கள்.