அம்மாவின் வால்வுச் சத்தம் குறைந்துவிட்டது, நல்லதுதானே?

முள்ளியவளைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அம்மாவுக்கு 49 வயது. ஏழு வருடத்துக்கு முன்னர் இதயத்தின் இடப்பக்க வால்வான மைட்ரல் வால்வை எடுத்துவிட்டு 'இரும்பு வால்வு' வைத்தார்கள். காலபோக அறுவடை மும்முரத்தில் இரண்டு கிளினிக் தவறிப்போனது. இரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் வார்பரின் குளிசை முடிந்து ஆறு நாள் போடவேயில்லை. பிறகு வாங்கிப் போடத் தொடங்கிவிட்டார். "முந்தி இரவில் அம்மாவின் நெஞ்சிலிருந்து மணிக்கூடு மாதிரிச் சத்தம் கேட்கும். இப்ப கிட்டப் படுத்தாலும் சரியாகக் கேட்கவில்லை. வால்வு உடம்போடு பழகிவிட்டது என்கிறா. ஆனால் கிணற்றில் நாலு வாளி அள்ளினால் களைக்குது. அடுத்த கிளினிக்குக்கு 12 நாள் இருக்கு, பொறுக்கலாமா? இந்தக் கரைச்சலே வேண்டாமென்று மிருக வால்வாக மாற்ற முடியாதா?"

பொறுக்க வேண்டாம் தம்பி. அம்மாவை இன்றைக்கே மாவட்ட வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறது, வாய் கோணுகிறது, கை கால் விறைக்கிறது என்றால் ஆட்டோவைத் தேடி நிற்காமல் 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள். மிச்சத்தை வாட்டு வாசலில் இருந்து வாசிக்கலாம்.

வால்வு பழகுவதில்லை. இரும்பு என்று நாம் சொன்னாலும், இன்று வைக்கும் பெரும்பாலான இயந்திர வால்வுகளில் திறந்து மூடும் இரண்டு சிறு கதவுகளும் கார்பனால் ஆனவை. ஒவ்வொரு துடிப்பிலும் அவை படீரென்று மூடும்போது வருவதுதான் அந்த 'டிக்'. நகத்தை நகத்தால் சுண்டினால் வருமே, அப்படி வெட்டென்று இருக்க வேண்டும். அது அமுங்கிப்போனால், கதவின் பிணைச்சலில் இரத்தக்கட்டி உட்கார்ந்து அசைவைத் தடுக்கிறதோ என்றுதான் முதலில் சந்தேகப்படுவோம். குளிசை நின்ற ஆறு நாள், புதிதாக வந்த களைப்பு, அமுங்கிய சத்தம் என்று மூன்றும் சேர்ந்து வந்திருக்கின்றன. மைட்ரல் இடத்தில் இரத்த ஓட்டம் மெதுவானது, அதனால் அங்கே கட்டி பிடிப்பதும் அதிகம். ஒன்றைக் கவனியுங்கள்: ஒரு கதவு இறுகினாலும் மற்றது அடித்துக்கொண்டே இருக்கலாம். சத்தம் கேட்கிறது என்பதற்காக வால்வு நல்லாயிருக்கிறது என்று அர்த்தமில்லை.

விட்ட குளிசைக்கு ஈடாக இரட்டிப்பாகப் போடக் கொடுக்காதீர்கள். வார்பரின் திரும்ப முழுதாக வேலை செய்ய நாலைந்து நாளாவது எடுக்கும். அந்த இடைவெளியை, உடனே வேலை செய்யும் ஹெப்பரின் ஊசியால்தான் நிரப்புவார்கள். அதை வீட்டில் செய்ய முடியாது.

போனதும் ஐ.என்.ஆர்., அதாவது இரத்தம் உறைவதை வார்பரின் எவ்வளவு தாமதப்படுத்துகிறது என்று காட்டும் இரத்தச் சோதனை, பார்ப்பார்கள். மைட்ரல் இயந்திர வால்வுக்கு அது பொதுவாக 2.5 முதல் 3.5க்குள் நிற்க வேண்டும். அப்புறம் எக்கோ, இதயத்தின் ஸ்கான். நெஞ்சுக்கு மேலால் எடுக்கும் எக்கோவில் மைட்ரல் வால்வின் பின்பக்கம் தெளிவாகத் தெரியாது. அதனால் தொண்டை வழியாகக் குழாய் விட்டு எடுக்கும் எக்கோவோ, கதவுகள் அசைவதை நேரில் காட்டும் எக்ஸ்ரேயோ தேவைப்படலாம். அதற்காக யாழ்ப்பாணமோ கொழும்போ அனுப்பினால் தயங்காமல் போங்கள். கட்டி சிறிதாக இருந்தால் ஹெப்பரினோடு கரையப் பார்ப்பார்கள். கதவு இறுகியிருந்தால் கட்டி கரைக்கும் மருந்தை மெல்ல மெல்ல ஏற்றுவார்கள், அல்லது திரும்ப நெஞ்சைத் திறக்க வேண்டிவரும். கரைக்கும் மருந்தில் கட்டித் துண்டொன்று மூளைக்குப் போகும் பயமும் இரத்தக்கசிவுப் பயமும் உண்டு. கையொப்பம் கேட்கும்போது அதைத்தான் சொல்வார்கள், திடுக்கிட வேண்டாம். சில நேரம் கட்டியே இருக்காது, வால்வைச் சுற்றி வளர்ந்த தழும்புச் சதை கதவைத் தடுக்கும். அது மருந்தில் கரையாது.

கிளினிக் கொப்பி, வால்வு கார்ட், போடும் குளிசை அட்டை மூன்றையும் ஒரு பொலித்தீன் பையில் கொண்டுபோங்கள். குளிசையின் நிறத்தைச் சொல்லாதீர்கள். கம்பனி மாறினால் நிறமும் மாறும். மில்லிகிராமைச் சொல்லுங்கள். ஆறு நாள் நின்றதையும் மறைக்காமல் சொல்லுங்கள், ஏச்சு விழுந்தாலும் பரவாயில்லை.

நீங்கள் கேட்காததும் ஒன்று, காய்ச்சல். வன்னியில் காய்ச்சல் என்றால் டெங்கு, எலிக்காய்ச்சல் என்றுதான் மனம் போகும், அது நியாயமும்கூட. ஆனால் செயற்கை வால்வு உள்ளவருக்கு வால்விலேயே கிருமி குடியேறியிருக்கலாம். நான் பார்த்த ஒருவர் மூன்று கிழமையாகப் பாமசியில் வாங்கிய நுண்ணுயிர்க்கொல்லியை விட்டு விட்டுப் போட்டிருந்தார். போடும்போது காய்ச்சல் விடும், நிறுத்தினால் வரும். அந்த மருந்தால், எங்களிடம் வந்தபோது இரத்தத்தை எடுத்து வளர்த்துப் பார்த்தும் கிருமி வளரவேயில்லை. எந்தக் கிருமி என்று தெரியாமலே ஆறு கிழமை ஊசி மருந்து ஏற்ற வேண்டியதாயிற்று. ஆகவே முதலில் இரத்தம் எடுக்க வேண்டும், மருந்து பிறகுதான். பல் பிடுங்குவதற்கு முன்னரும் வால்வைப் பற்றிச் சொல்லி, ஒரு மணித்தியாலத்துக்கு முதல் போடும் மருந்தைக் கேட்டு வாங்குங்கள். வாதக்காய்ச்சலுக்கு மாதாமாதம் போடும் பென்சிலின் ஊசி அதற்கு ஈடாகாது.

சிறுநீர் தேத்தண்ணி நிறத்தில் போய், முகம் வெளிறி வந்தால் வால்வின் ஓரத்தால் இரத்தம் கசிந்து செங்குருதிக் கலங்கள் உடைகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

உடம்பு நோவுக்கு டைக்குளோபினாக், புரூபன் வேண்டாம். பனடோல் அளவோடு போடலாம். முருங்கை இலை, வல்லாரை, பொன்னாங்காணியை விடச் சொல்லவில்லை. ஒரு கிழமை நிறையச் சாப்பிட்டு அடுத்த கிழமை தொடாமல் விடுவதுதான் ஐ.என்.ஆரைக் குழப்பும். வயலில் புடையன் கடித்தாலும் கார்டைத்தான் முதலில் நீட்ட வேண்டும். இரத்தம் உறைகிறதா என்று பார்த்துத்தான் விஷமுறிவு மருந்தைத் தீர்மானிப்பார்கள், வார்பரின் அந்தக் கணக்கைக் குழப்பும். கனடாவிலிருந்து யாராவது இரத்தம் சோதிக்கத் தேவையில்லாத புதுக் குளிசை அனுப்பினால் போடாமல் வைத்துவிடுங்கள். அப்படிப்பட்ட குளிசையான டாபிகட்ரானை இயந்திர வால்வுக்காரரிடம் பரிசோதித்த ஆய்வில் கட்டியும் கூடியது, இரத்தக்கசிவும் கூடியது. ஆய்வை இடையிலேயே நிறுத்தினார்கள்.

சரி, மிருக வால்வு. பன்றி வால்வு அல்லது மாட்டின் இதய உறையால் செய்தது. நாடித்துடிப்பு ஒழுங்காக இருந்தால் ஆயுள் முழுக்க வார்பரின் தேவைப்படாது. ஆனால் அது தேயும், பெரும்பாலும் 10 முதல் 15 வருடத்துக்குள். வயது குறைந்தவரில் இன்னும் சீக்கிரம். அம்மாவின் வயதில் வைத்தால் இன்னொரு சத்திரசிகிச்சையை எதிர்பார்க்கத்தான் வேண்டும். நல்லாய் வேலை செய்யும் வால்வைக் குளிசைக் கரைச்சலுக்காகக் கழற்ற எந்தச் சத்திரசிகிச்சை நிபுணரும் சம்மதிக்க மாட்டார், இரண்டாம் முறை நெஞ்சைத் திறப்பதில் ஆபத்து அதிகம். கட்டிக்காக எப்படியும் திறக்க வேண்டிவந்தால், கிளினிக்குக்கு ஒழுங்காகப் போகமுடியாத வாழ்க்கை இது என்பதையும் சொல்லி, அந்த வால்வு பொருந்துமா என்று அங்கேயே கேளுங்கள்.