சீனியர் சிட்டிசன் குடியிருப்பு: கணவருக்குப் பிறகு மனைவி அங்கே இருக்க முடியுமா?

கேள்வி: நான் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வயது 71, மனைவிக்கு 66. திருச்சி கே.கே. நகரில் என் பெயரில் சொந்த வீடு இருக்கிறது. மகள் சென்னை வேளச்சேரியில், மகன் வெளிநாட்டில். மனைவிக்கு மூட்டுவலி, படி ஏறுவதும் சமைப்பதும் சிரமமாகிவிட்டது. மகளுக்குப் பக்கத்தில் இருக்கலாமே என்று கேளம்பாக்கம் தாண்டி ஒரு சீனியர் சிட்டிசன் குடியிருப்பைப் பார்த்தோம். இரண்டு திட்டங்கள் சொல்கிறார்கள். 72 லட்சம் கொடுத்து வீட்டை விலைக்கு வாங்குவது ஒன்று. 40 லட்சம் டெபாசிட் கட்டி வாழ்நாள் முழுக்க இருந்துகொள்வது இன்னொன்று. காலி செய்யும்போது கழிவு போக மீதியைத் தருவார்களாம். எதுவானாலும் சாப்பாடு, பராமரிப்புக்கு இருவருக்கும் சேர்த்து மாதம் 38,000. என் பென்ஷன் 52,000. கம்யூட்டேஷன் (பென்ஷனில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்குவது) பிடித்தம் எதுவும் இல்லை. டெபாசிட் திட்டம்தான் எங்களுக்குக் கட்டுப்படியாகும். திருச்சி வீட்டைத் தன் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தால் 40 லட்சத்தைத் தானே கட்டுவதாக மகன் சொல்கிறான். புக்கிங் 2 லட்சத்தை இந்த மாதத்துக்குள் கட்டச் சொல்கிறார்கள். ஒப்பந்த நகலை இணைத்திருக்கிறேன். கட்டலாமா?

பதில்: ஐயா, இந்த நகல் இப்படியே இருக்கும்வரை ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். இடம் நன்றாகவே இருக்கலாம். சக்கர நாற்காலி நுழையும் கதவு, குளியலறையில் கைப்பிடி, இரவில் நர்ஸ் எல்லாம் பார்த்துவிட்டு வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். இந்த வயதில் அவை பெரிய விஷயம்தான். ஆனால் நீங்கள் அனுப்பிய 22 பக்கங்களைப் படித்தபோது என் மனதில் ஓடியது ஒரே கேள்விதான்: நீங்கள் இல்லாத நாளில் உங்கள் மனைவியின் நிலை என்ன?

நகலின் 14-வது பத்தி அதற்குப் பதில் சொல்கிறது. ‘முதல் குடியிருப்பாளர் காலமானால், உடன் வசிப்பவர் 60 நாட்களுக்குள் காலி செய்ய வேண்டும், நிர்வாகம் விரும்பினால் புதிய நிபந்தனைகளின் பேரில் அவரைத் தொடர அனுமதிக்கலாம்.’ முதல் குடியிருப்பாளர் நீங்கள். உங்கள் மனைவிக்கு அந்த ஒப்பந்தத்தில் பெயரே கிடையாது, ‘உடன் வசிப்பவர்’ என்ற ஒரு சொல்தான். வாழ்நாள் முழுக்க என்று விற்பனைப் பிரதிநிதி சொன்னது உங்கள் வாழ்நாளை மட்டும். ஐந்து வயது இளையவரான மனைவி உங்களுக்குப் பிறகு பல வருடங்கள் அங்கே தனியாக இருக்க வேண்டிவரலாம். அந்த வருடங்களுக்காகத்தானே இவ்வளவு ஏற்பாடும்?

இப்படி ஒரு பத்தியை எழுத அவர்களால் முடிவதற்குக் காரணம் 3-வது பத்தியில் இருக்கிறது. ‘இந்த ஒப்பந்தம் குத்தகை உரிமை எதையும் உண்டாக்காது, தங்கும் அனுமதி மட்டுமே.’ சட்டத்தில் இதற்கு லைசென்ஸ் என்று பெயர். 1882-ஆம் ஆண்டு ஈஸ்மென்ட் சட்டத்தின் 52-வது பிரிவில் வருகிறது. லைசென்ஸ் என்பது தனிப்பட்ட ஒருவருக்குக் கொடுக்கும் அனுமதி. பொதுவாக அது வாரிசுக்குப் போகாது. சில விதிவிலக்குகள் போக, கொடுத்தவர் அதை ரத்து செய்யவும் 60-வது பிரிவு இடம் கொடுக்கிறது. குத்தகை என்றால் கதை வேறு. அதில் சொத்தின் மீது உங்களுக்கு ஓர் உரிமை உண்டு. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்தாக வேண்டும், பதிவானால் அது வில்லங்கச் சான்றிலும் ஏறும். 40 லட்சம் கொடுத்துவிட்டு வில்லங்கச் சான்றில் உங்கள் பெயர் இல்லாமல் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கம்பெனி இடத்தை அடமானம் வைத்து வங்கியில் கடன் வாங்கியிருந்து, அது வாராக்கடன் ஆகிவிட்டால், வங்கி வந்து நிற்கும்போது லைசென்ஸ்தாரர் கையில் காட்ட ஒன்றும் இருக்காது. உங்கள் டெபாசிட்டுக்கு ஈடாக எந்தச் சொத்தும் எழுதப்படவில்லை. ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தைப் பிடித்துக்கொள்ளலாம் என்றால், வாடகைக்கு இடம் பெற்றவர் ‘அலாட்டி’ (வீடு ஒதுக்கப்பட்டவர்) ஆக மாட்டார் என்று அதன் 2(டி) பிரிவு சொல்கிறது. கம்பெனியின் வக்கீல் முதலில் எடுத்துப் போடுவது அதைத்தான். ஆகவே பதிவுத்துறை இணையதளத்தில் அந்த சர்வே எண்ணுக்கு 30 வருட வில்லங்கம் போட்டு, அடமானம் ஏதும் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

அடுத்து திருப்பித் தரும் பணம். வருடத்துக்கு 3 சதவீதம் கழிவு, அதிகபட்சம் 30 சதவீதம். பத்து வருடத்தில் 12 லட்சம் போய் 28 லட்சம் நிற்கும். வாடகை என்று நினைத்துக்கொண்டால் அதுகூட நியாயம்தான். ‘அந்த வீட்டுக்குப் புதிய குடியிருப்பாளர் வந்து டெபாசிட் கட்டிய பிறகு, வட்டியின்றி’ தருவோம் என்று இருக்கிறதே, அதை விடவே கூடாது. புதியவர் வர மூன்று வருடம் ஆனால் மூன்று வருடமும் உங்கள் மனைவியோ பிள்ளைகளோ காத்திருக்க வேண்டும். காலி செய்த 90 நாளுக்குள் தர வேண்டும், தாமதித்தால் வட்டி உண்டு என்று மாற்றி எழுதச் சொல்லுங்கள்.

டெபாசிட் உங்கள் ஒருவர் பெயரில் இருந்தால் இன்னொரு தொல்லையும் சேரும். உயில் இல்லாத பட்சத்தில், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உங்கள் மனைவி, மகன், மகள் மூவருக்கும் அந்தப் பணத்தில் சம பங்கு (உங்கள் தாயார் இருந்தால் அவருக்கும்). கம்பெனி வாரிசுச் சான்று கேட்கும், எல்லோர் கையெழுத்தும் கேட்கும். நாமினியாக மனைவி பெயரைப் போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். நாமினி பணத்தைக் கையில் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அதனாலேயே அவர் உரிமையாளர் ஆகிவிட மாட்டார்.

இவ்வளவுக்கும் மருந்து ஒன்றுதான். ஒப்பந்தத்தில் கணவன், மனைவி இருவரும் சம உரிமையுள்ள குடியிருப்பாளர்கள் என்று இருக்க வேண்டும். ஒருவர் காலமானால் மற்றவர் அதே டெபாசிட்டில், அதே நிபந்தனைகளில், தனி நபர் கட்டணத்தில் தொடர்வார். டெபாசிட் உயிரோடு இருப்பவருக்கே சேரும் என்று எழுத வேண்டும். கூடவே இருவரும் ஆளுக்கொரு உயில் எழுதிவிடுங்கள். பதிவு கட்டாயமில்லை என்றாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து வைப்பது நல்லது.

19-வது பத்தியையும் மனைவியோடு உட்கார்ந்து படியுங்கள். ‘தன் வேலைகளைத் தானே செய்துகொள்ள இயலாத நிலை அல்லது நினைவுத் தடுமாற்றம் ஏற்பட்டதாக நிர்வாகம் கருதினால்’ வெளியேறச் சொல்லலாமாம். விளம்பரத் தாளில் ‘கடைசிவரை கூடவே இருப்போம்’ என்று போட்டிருக்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்! அந்த நிலையை முடிவு செய்வது நிர்வாகமாக இருக்கக் கூடாது. உங்கள் குடும்பம் ஒப்புக்கொள்ளும் மருத்துவர் எழுத்தில் சொல்ல வேண்டும், அப்போதும் அதே வளாகத்தில் உதவியாளருடன் தங்க ஏற்பாடு செய்த பிறகே வீடு மாற்றம். அப்புறம், மகளுக்குப் பவர் எழுதிக் கொடுத்துவிட்டால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். எழுதிக் கொடுத்தவருக்குப் புத்தி சுவாதீனம் போனால் பவரும் போய்விடும், ஒப்பந்தச் சட்டத்தின் 201-வது பிரிவு அப்படி. 2024-ல் கோமாவில் கிடந்த கணவரின் சொத்தை விற்றுச் சிகிச்சை பார்க்க ஒரு மனைவி சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த்தான் தன்னைக் காப்பாளராக நியமிக்கும் உத்தரவைப் பெற முடிந்தது. இருவர் பெயரிலும் ஒப்பந்தம் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாதக் கட்டணத்துக்கு வருகிறேன். ‘ஆண்டுக்கு 10 சதவீதம் உயரும்’ என்று இருக்கிறது. 38,000 நான்காவது உயர்வில் 55,600-ஐத் தாண்டும், பத்து வருடத்தில் 98,500 ஆகும். பென்ஷனுக்கு அகவிலை நிவாரணம் வருடத்துக்கு இரண்டு முறை ஏறுகிறது, ஆனால் இரண்டும் சேர்ந்து 10 சதவீதம் வருவது அபூர்வம். மனைவியின் கணக்கைத் தனியாகப் போடுங்கள். பென்ஷன் கடைசிச் சம்பளத்தில் 50 சதவீதம் என்றால் குடும்ப பென்ஷன் 30 சதவீதம். உங்களுக்கு 67 வயது தாண்டிவிட்டதால், அந்த வயதுவரை மட்டுமே உள்ள கூடுதல் குடும்ப பென்ஷன் விகிதம் அவருக்குக் கிடைக்காது. இன்றைய கணக்கில் அவருக்கு வருவது 31,000 சொச்சம். தனி நபர் கட்டணம் இன்று 26,000. இரண்டே உயர்வில் அது 31,460. விலைவாசிக் குறியீட்டை ஒட்டி உயர்வு, அதற்கொரு உச்சவரம்பு, வருடா வருடம் தணிக்கை செய்த கணக்கு, இந்த மூன்றையும் கேளுங்கள். நீங்கள் ரயில்வே மருத்துவ அட்டையை நம்பியிருப்பவர் என்றால், பெரம்பூர் ரயில்வே மருத்துவமனை அந்த இடத்திலிருந்து நகரத்தின் மறுகோடி என்பதையும் யோசியுங்கள்.

72 லட்சம் திட்டம் காகிதத்தில் பலமானது. கிரயப் பத்திரம், பிரிபடாத பாகம் (மனையில் உங்கள் பங்கு) எல்லாம் இருவர் பெயரிலும் வரும், ரெரா பாதுகாப்பும் உண்டு. பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் 10 சதவீதத்துக்கு மேல், அதாவது 7.2 லட்சத்துக்கு மேல் அவர்கள் வாங்கவே கூடாது. கட்டுமானக் குறைகளுக்கு ஐந்து வருடப் பொறுப்பும் இருக்கிறது. ஆனால் ரெரா கட்டடத்தைப் பார்க்கும். சாப்பாட்டையும் நர்ஸையும் பார்க்காது. அதற்குத் தனி ஒப்பந்தம். 2019-ல் மத்திய வீட்டுவசதி அமைச்சகம் வெளியிட்ட மாதிரி வழிகாட்டுதல்கள், கட்டியவர், சேவை தருபவர், குடியிருப்பவர் ஆகிய மூவரும் சேர்ந்து கையெழுத்திடும் முத்தரப்பு ஒப்பந்தத்தைச் சொல்கின்றன. அவை தாமாகக் கம்பெனியைக் கட்டுப்படுத்தாது என்றாலும், கேட்பதற்கு நல்ல பிடி.

மகனுடைய யோசனையை நான் ஏற்கவில்லை. அவர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். செட்டில்மென்ட் பதிவான அன்று திருச்சி வீடு உங்கள் கையை விட்டுப் போகிறது, கிடைப்பதோ ரத்தாகக்கூடிய ஓர் அனுமதி. அங்கே சரிப்படவில்லை என்றால் திரும்பிப் போக இடம் வேண்டாமா? பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் நலச் சட்டம் 2007-ன் 23-வது பிரிவில் செட்டில்மென்ட்டை ரத்து செய்ய வழி உண்டு. ஆனால் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்திருக்க வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் இந்தச் சட்டத்தைப் பெற்றோருக்குச் சாதகமாகவே படிக்க வேண்டும் என்று ஒரு தாயின் சொத்தைத் திருப்பிக் கொடுத்தது. இருந்தாலும் வயதான காலத்தில் வழக்கு நடத்தித் திரும்பப் பெறுவதைவிடக் கொடுக்காமல் இருப்பதே மேல். மகன் பணம் தர விரும்பினால் தரட்டும், ரசீது உங்கள் இருவர் பெயரிலேயே இருக்கட்டும். வீட்டை உயிலில் எழுதிவைக்கலாம்.

நான் சொல்வது, திருச்சி வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, அதே வளாகத்தில் வாடகைக்கு வீடு கிடைத்தால் 11 மாதம் இருந்து பாருங்கள். மழைக்காலத்தில் ரோடு எப்படி, ராத்திரி இரண்டு மணிக்கு மணி அடித்தால் யார் வருகிறார்கள், மனைவிக்கு அந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்பதெல்லாம் இருந்து பார்த்தால்தான் தெரியும்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்ட வாசகர்களும் கலங்க வேண்டாம். ஒருதலைப்பட்சமான பில்டர் ஒப்பந்தம் முறையற்ற வணிகம் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் 2(46) பிரிவு, அளவுக்கு மீறிய டெபாசிட்டையும், ஒரு தரப்பு மட்டும் காரணமின்றி ரத்து செய்யும் உரிமையையும் ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்கிறது. அந்த அடிப்படையில் புகார் கொடுப்பதானால் மாவட்ட ஆணையத்துக்குப் போகாமல் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். பிரச்சினை எழுந்த இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது, 3, 14, 19-வது பத்திகளையும் பணம் திரும்பத் தரும் பத்தியையும் கட்டண உயர்வையும் குறிப்பிட்டு, மேலே சொன்ன திருத்தங்களைக் கேட்டு கம்பெனிக்கு ஈமெயில் அனுப்புவது. வாய்ப்பேச்சில் ‘அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்’ என்பார்கள்; அதை ஏற்காதீர்கள். புக்கிங் படிவத்தின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் ‘2 லட்சம் எக்காரணத்தாலும் திருப்பித் தரப்படாது’ என்று அச்சிட்டிருக்கிறது. திருத்தங்களை எழுத்தில் ஏற்றுக்கொண்டால், அந்த வரியையும் அடித்து, அவர்கள் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிய பிறகு செக் எழுதுங்கள், பணமாகக் கொடுக்க வேண்டாம்.