தொழிற்சாலைப் பக்கம் தானாக விளையும் பழங்களைக் கழுவிச் சாப்பிடலாமா?

உணவு மாதிரிகளைச் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை பார்ப்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி என்னிடம் வரும். கழுவினால் போதுமா என்பது ஆலையிலிருந்து வந்து பழத்தில் சேர்ந்திருப்பது எந்த உலோகம் என்பதைப் பொறுத்தது.

ஈயம் மண்ணில் விழுந்தால் மேல்மண்ணோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். செடி கொஞ்சம் உறிஞ்சினாலும் பெரும்பாலும் வேரிலேயே தங்கிவிடும். ஆகவே பழத்தில் இருக்கும் ஈயத்தில் பெரும்பங்கு தோல்மேல் படிந்த தூசிதான். வழவழப்பான பழமென்றால் ஓடும் நீரில் தேய்த்துக் கழுவும்போது நிறையப் போய்விடும். ராஸ்பெர்ரி மாதிரி மடிப்பும் ரோமமுமான பழங்களில் அவ்வளவு போகாது.

காட்மியம் என்ற நச்சு உலோகம் அப்படியல்ல. அது துத்தநாகத்தைப் போலவே நடந்துகொள்வதால் வேர் ஏமாந்து உள்ளே விட்டுவிடும். மண் அமிலமாக இருந்தால் இன்னும் தாராளமாக. சதைக்குள் போனதை எவ்வளவு கழுவினாலும் எடுக்க முடியாது. வேகவைத்தாலும் அழியாது, உலர்த்தினால் செறிவு கூடும். உடலுக்குள் போனால் சிறுநீரகத்தில் பத்து இருபது வருடம் தங்கும். ஒரு நிம்மதி: பொதுவாக இலையையும் வேரையும்விடப் பழத்தில் உலோகம் குறைவு. அந்த இடத்துக் கீரையையும் காளானையும் பார்த்துத்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

‘ஆலையைத்தான் மூடிவிட்டார்களே’ என்பார்கள். ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் நிக்கெல் என்ற ஊரின் உருக்காலை 2020 டிசம்பரில் மூடப்பட்டது. பல பத்தாண்டுகளாக அங்கே மண்ணில் இறங்கிய நிக்கலும் தாமிரமும் ஆலையோடு சேர்ந்து கிளம்பிவிடவில்லை. ஆலையிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளியிருந்தால் போதும் என்பதும் கண்ணளவில் சொல்லக்கூடியதல்ல. கனடாவின் சட்பரி ஊர் உருக்காலையில் 1972இல் 381 மீட்டர் உயரப் புகைபோக்கி கட்டினார்கள். ஊருக்குள் காற்று தேறியது, புகை இன்னும் தொலைவுக்குப் பரவியது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

உலோக உருக்காலை, பேட்டரி உடைக்கும் இடம் இவற்றின் அருகே விளைந்ததைக் குழந்தைகளுக்குக் கொடுக்கவே மாட்டேன். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது.

சோதனைக்குக் கொடுப்பதென்றால், கழுவிய பழம், கழுவாத பழம் இரண்டையும் தனித்தனியாகக் கொடுங்கள். இரண்டு எண்ணுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் சிக்கல் தூசியில், இல்லையென்றால் மண்ணில். அப்புறம், முடிவு ஈர எடையிலா (நீரோடு இருக்கும் பழத்தின் எடை) உலர் எடையிலா (நீரை நீக்கியபின் எடை) என்று கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் பெரும்பாலான பழங்களுக்கு வைத்திருக்கும் ஈய வரம்பு, கிலோவுக்கு 0.10 மில்லிகிராம், ஈர எடைக்கானது. உலர் எடையில் அதே பழம் பல மடங்கு மோசமாகத் தெரியும்.