ஜோவின் ரத்தம் செய்த குற்றம் என்ன?

கேள்வி (ஆங்கில ஆசிரியை): அக்கா, எட்டாம் வகுப்புக்கு மார்க் ட்வைனின் ‘டாம் சாயர்’ நாவலை நடத்துகிறேன். அதில் வரும் இஞ்சன் ஜோ பாதி அமெரிக்கப் பழங்குடி (அன்றைய பேச்சில் ‘இந்தியன்’). அவன் கொலைகாரன்தானே? கெட்டவனைக் கெட்டவனாகக் காட்டினால் அது எப்படி இனவெறுப்பு ஆகும்?

பதில்: கொலைகாரன்தான், அதில் வழக்கில்லை. ஊர் டாக்டரை அவன் ஏன் கொன்றான் என்பதற்குக் கதை இரண்டு காரணம் சொல்வதுதான் சிக்கல். ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி சாப்பாடு கேட்டு டாக்டருடைய அப்பா வீட்டுச் சமையலறைக்குப் போயிருக்கிறான். டாக்டர் விரட்டிவிட்டார். பழிவாங்குவேன் என்று கறுவியவனை டாக்டரின் அப்பா நாடோடி என்று சொல்லி ஜெயிலில் போட்டார். பசி, அவமானம், சிறை. ஒரு மனிதன் வன்மம் வளர்க்க இது போதும். ஆனால் மார்க் ட்வைன் விடவில்லை. என் உடம்பில் இந்திய ரத்தம் சும்மாவா ஓடுகிறது என்று அவன் வாயாலேயே சொல்லவைக்கிறார்.

பின்னால் ஒரு காட்சி. ஊரில் உள்ள ஒரு விதவையின் மூக்கைக் கிழிப்பேன், காதை அறுப்பேன் என்று மாறுவேடத்தில் இருந்த ஜோ பேசியதை டாமின் நண்பன் ஹக் ஒட்டுக்கேட்டு வெல்ஷ்காரக் கிழவரிடம் சொல்கிறான். பையன் கைச்சரக்கைச் சேர்க்கிறான் என்று நினைக்கிறார் கிழவர். பேசியது ஜோ என்று தெரிந்ததும், வெள்ளைக்காரன் அப்படிப் பழிவாங்க மாட்டான், இந்தியன் என்றால் சரிதான் என்கிறார். வகுப்பில் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை வாசிக்கவையுங்கள். இன்னொன்று: நடுராத்திரி இடுகாட்டில் பிணம் திருட ஆள் அமர்த்தியவர் அந்த டாக்டர். அவர் ரத்தத்தைப் பற்றி ஊரில் ஒருவரும் மூச்சுவிடவில்லை!

கேள்வி (கல்லூரி மாணவர்): ‘டாம் சாயர்’ வந்த 1876இல் எல்லோரும் அப்படித்தானே எழுதினார்கள்?

பதில்: எல்லோரும் என்றால் யார், தம்பி? கனடா எழுத்தாளர் பாலின் ஜான்சனின் அப்பா மோஹாக் என்ற பழங்குடியின் தலைவர், அம்மா ஆங்கிலேயர். 1893இல் பாலின் எழுதிய சிறுகதையில், தன் பெற்றோர் பாதிரியார் இல்லாமல் பழங்குடி முறைப்படி மணந்தவர்கள் என்று கதாநாயகி கிறிஸ்டீன் விருந்தில் சொல்லிவிடுகிறாள். வெள்ளைக்காரக் கணவனுக்கு மானம் போய்விட்டது. என் மக்களின் கல்யாணம் செல்லாது என்றால் உன் மக்களின் கல்யாணம் எனக்கு மட்டும் எப்படிச் செல்லும் என்று கேட்டு அவனை விட்டுப் போகிறாள். ட்வைனுக்குப் பதினேழே வருஷம் பின்னால்.

கேள்வி (மொழிபெயர்ப்பாளர்): பாதி வெள்ளை, பாதி பழங்குடி என்பவரைச் சொல்லும் ‘ஹாஃப்-பிரீட்’ என்பதைக் ‘கலப்பினத்தான்’ என்று போடலாமா?

பதில்: கலப்பினம் என்று நாம் மாட்டுக்கும் விதைக்கும் சொல்கிறோம். மூலச்சொல்லிலும் அதே தொழுவ நாற்றம் உண்டு. எனவே வசைபாடும் பாத்திரத்தின் வாயில் அது பொருந்தும். கதைசொல்லியின் குரலில் வந்தால் நான் கொஞ்சம் தயங்குவேன். அதற்காக வழவழவென்று மெழுகவும் மாட்டேன்.

கேள்வி: ஆஸ்திரேலியாவில் இந்த வெறுப்பு எப்படி இருந்தது?

பதில்: அங்கே வெறுப்பு கோப்புகளில் குடியிருந்தது. கலப்புப் பிள்ளைகளைத் தலைமுறை தலைமுறையாக வெள்ளையில் கரைத்துவிடலாம் என்பது மேற்கு ஆஸ்திரேலிய அதிகாரி ஏ.ஓ. நெவிலின் கணக்கு. நூங்கார் என்ற ஆஸ்திரேலியப் பழங்குடியைச் சேர்ந்த எழுத்தாளர் கிம் ஸ்காட் 1999இல் ‘பெனாங்’ நாவலில் அந்த அரசாங்க மொழியையே எடுத்து அதன்மேல் திருப்பிவிட்டார். படிக்கக் கஷ்டம்தான், விடாதீர்கள்.

கேள்வி: ஒன்றே ஒன்றைப் படிப்பதென்றால்?

பதில்: கதை அல்ல, வாழ்க்கை. பழங்குடியும் ஐரோப்பியரும் கலந்து உருவான கனடாவின் மேட்டி இனத்தவர் மரியா கேம்ப்பெல் 1973இல் எழுதியது. வசைச்சொல்லையே தலைப்பாக வைத்தார்: ‘ஹாஃப்பிரீட்’. குதிரைப்படைப் போலீஸ்காரர் தன்னை வன்புணர்ந்ததைச் சொல்லும் பக்கங்களைப் பதிப்பகம் நீக்கிவிட்டது. 2019 பதிப்பில் அவை திரும்பி வந்தன. வாங்கும்போது ஆண்டைப் பார்த்து வாங்குங்கள்.