டொனெட்ஸ்க் யாருடைய நகரம்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். உக்ரைன் போரைப் பற்றித் தாங்கள் சென்ற மாதம் எழுதிய கட்டுரையில், டொனெட்ஸ்க் நகரை ‘ஒரு வேல்ஸ்காரர் வெட்டவெளியில் கட்டிய நகரம்’ என்று குறிப்பிட்டிருந்தீர்கள். அந்த வரியைப் படித்த என் நண்பர் ஒருவர், “அன்னியர் கட்டியது, பிழைக்க வந்தவர்கள் நிறைத்தது, தெருவில் பேசுவது ரஷ்ய மொழி, பிறகு எந்த அடிப்படையில் அதை உக்ரைனின் நகரம் என்கிறார்?” என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்த நகரின் வரலாற்றைச் சற்று விரிவாக எழுத இயலுமா? இன்று அங்கே என்ன மிஞ்சியிருக்கிறது என்பதையும் அறிய விரும்புகிறேன்.

அன்புடன்,
எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

உங்கள் நண்பரின் கேள்விக்கு இடம் கொடுத்தது என்னுடைய வரிதான். ‘வெட்டவெளி’ என்றதும் தவறு, ‘கட்டிய’ என்றதும் தவறு. முதலாளியின் பெயரோடு தொடங்கும் வரலாற்றில் சுரங்கத்துக்குள் இறங்கியவன் காணாமல் போகிறான். அவனைக் காணாமல் அந்த நகரம் யாருடையது என்று பேச முடியாது. ஆகவே முதலிலிருந்தே எழுதுகிறேன்.

கால்மியுஸ் ஆற்றங்கரைப் புல்வெளி, ஜபரோஜிய கோசாக்குகள் என்ற குதிரைவீரக் குடிகளின் ஆளுகையில் இருந்த நிலம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கேத்தரின் பேரரசி கோசாக்குகளின் அமைப்பைக் கலைத்து, நிலத்தைத் தம் அதிகாரிகளுக்குப் பிரித்துக் கொடுத்தார். இன்றைய நகரின் எல்லைக்குள் அடங்கும் அலெக்சாந்திரிவ்கா என்ற குடியிருப்பு அப்போதே இருந்தது. 1840களில் அங்கே நிலக்கரிச் சுரங்கமும் வந்துவிட்டது. நான் சொன்ன வேல்ஸ்காரரான ஜான் ஹ்யூஸ் கப்பலேறுவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே அந்த மண்ணில் மனிதர்கள் கரி வெட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதை நான் எழுதியிருக்க வேண்டும்.

ஹ்யூஸ், வேல்ஸின் இரும்பு ஊரான மெர்தைர் டிட்ஃபிலில் பிறந்து, லண்டனின் மில்வால் இரும்பாலையை நடத்தும் நிலைக்கு உயர்ந்தவர். போர்க்கப்பல்களுக்கான இரும்புக் கவசத்தில் அவருக்கிருந்த திறமை ரஷ்ய அரசின் கண்ணில் பட்டது. கிரிமியப் போரில் தோற்றிருந்த அந்த அரசுக்கு அன்று மிகவும் தேவைப்பட்டது தண்டவாளம். 1869இல் லண்டனில் ‘நியூ ரஷ்யா கம்பெனி’ பதிவானது. 1870இல் எட்டுக் கப்பல்களில் இயந்திரங்களும் ஏறத்தாழ நூறு வேல்ஸ் தொழிலாளர்களும் அசோவ் கடற்கரைக்கு வந்து, அங்கிருந்து மாட்டு வண்டிகளில் உள்நாட்டுக்குச் சென்றார்கள். முதல் ஊது உலை தொடக்கத்தில் பழுதாகி நின்றுபோனது. 1872 ஜனவரியில்தான் அதிலிருந்து ஒழுங்காக இரும்பு வடிந்தது. ஹ்யூஸ் என்ற பெயர் உள்ளூர் நாவில் ‘யூஸ்’ ஆயிற்று. ஊர் ‘யூஸிவ்கா’ ஆயிற்று.

இரும்புக் கனிமத்தை உருக்க, நிலக்கரியைக் காற்றுப் புகாமல் சுட்டெடுத்த கற்கரி வேண்டும். அதற்கேற்ற கரி யூஸிவ்காவின் காலடியிலேயே கிடைத்தது. கனிமம்தான் அருகில் தரமாக இல்லை. 1884இல் மேற்கே கிரிவி ரிஹ்ஹின் கனிமச் சுரங்கங்களோடு ரயில் பாதை இணைந்தபோது அந்தக் குறை தீர்ந்தது. பிரெஞ்சு, பெல்ஜியப் பணம் டான்பாஸ் என்னும் அந்த நிலக்கரி வட்டாரம் முழுவதும் பாய்ந்தது அதற்குப் பிறகே.

இனி உலைகளைச் சுற்றித் திரண்ட மனிதர்களுக்கு வருகிறேன். உங்கள் நண்பரின் கேள்விக்கான பதிலில் பாதி இங்கேதான் இருக்கிறது.

சுற்றிலும் இருந்த கிராமங்களில் உக்ரைனிய விவசாயிகளே வாழ்ந்தார்கள். நல்ல கரிசல் மண்ணைக் கையில் வைத்திருந்த அவர்கள், எளிதில் மண்ணுக்கடியில் இறங்க முன்வரவில்லை. இறங்கியவர்கள் ஓரியோல், கூர்ஸ்க் போன்ற ரஷ்ய மாகாணங்களிலிருந்து வந்தவர்கள். நிலம் போதாமல், வரி கட்ட வழியில்லாமல், கூட்டம் கூட்டமாக நடந்து வந்தவர்கள். அவர்களில் பலர் அறுவடை முடிந்து இலையுதிர் காலத்தில் வந்து, வசந்தத்தில் விதைப்புக்கோ கோடையில் அறுவடைக்கோ ஊர் திரும்பினார்கள். பன்னிரண்டு மணி நேர வேலை. மெல்லிய கரி அடுக்குகளில் ஒருக்களித்துப் படுத்துத்தான் வெட்ட முடியும். வெட்டிய கரியைச் சறுக்குப் பெட்டியில் ஏற்றி, இடுப்பில் சங்கிலி மாட்டித் தவழ்ந்தபடியே இழுத்துச் செல்ல வேண்டும். ஆங்கிலேயர் குடியிருப்பில் செங்கல் வீடுகளும் தோட்டங்களும் ஆங்கிலிக்கன் தேவாலயமும் இருந்தன. கரி வெட்டியவர்களில் பலர் மண்ணைத் தோண்டிப் பாதி புதைந்த குடிசைகளில் கிடந்தார்கள். கடை வைத்தவர்களிலும் கைவினைஞர்களிலும் யூதர்கள் மிகுதி.

நகரத்தின் மொழி ரஷ்யமாக ஆனது இப்படித்தான். எந்த மாகாணத்தில் பசி கூடுதலோ அந்த மாகாணத்தின் பேச்சு சுரங்க வாசலில் கேட்டது. 1926ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நகரில் பாதிக்கு மேல் ரஷ்யர்களும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு உக்ரைனியர்களும் பத்தில் ஒரு பங்கு யூதர்களும் இருந்தார்கள். நகரைச் சூழ்ந்த நாட்டுப்புறமோ உக்ரைன் மொழி பேசியது. கூலி தேடி வந்தவனின் மொழியை அரசர்களின் உரிமைப் பத்திரம்போல இன்று நீட்டுவது, அந்தத் தொழிலாளிக்கே செய்யும் அநீதி என்று நினைக்கிறேன்.

அந்தத் தொழிலாளியைப் புனிதனாக்கவும் கூடாது. 1892இல் காலரா பரவியபோது எழுந்த கலவரத்தில் கடைவீதி எரிந்தது; 1905 அக்டோபரில் யூதர்கள் வேட்டையாடப்பட்டார்கள். இரண்டிலும் கை நீட்டியவர்களில் உழைப்பாளிகள் இருந்தார்கள்.

ஆனால் அதே ஆலையில்தான் மெர்ட்சாலோவ் என்ற கொல்லர், தம் உதவியாளருடன் சேர்ந்து, ஒரே ஒரு தண்டவாளத் துண்டைக் காய்ச்சி அடித்து, பிளந்து, நீட்டி, எங்கும் பற்றவைப்பு இல்லாமல் ஒரு பனை மரத்தைச் செய்தார். ஏறத்தாழ மூன்றரை மீட்டர் உயரம். 1896இல் நிஷ்னி நோவ்கரத் கண்காட்சியில் ஆலையின் இரும்பு எவ்வளவு வளையும் என்று காட்டுவதற்காக அது வைக்கப்பட்டது. பனையே வளராத குளிர்நாட்டில், தாம் நேரில் கண்டிருக்க வாய்ப்பில்லாத ஒரு மரத்தின் ஓலை விரிப்பை அந்த மனிதர் சம்மட்டியால் வரவழைத்தார். டொனெட்ஸ்க் மாநிலத்தின் சின்னத்தில் இன்றும் அந்தப் பனை நிற்கிறது. அந்த நகரைப் பற்றி நினைக்கும்போது ஹ்யூஸின் முகத்துக்கு முன்பாக எனக்கு வருவது இந்த மரம்தான்.

1917க்குப் பின் அங்கே ஹ்யூஸ் குடும்பத்தின் காலம் முடிந்தது. 1924இல் யூஸிவ்கா ‘ஸ்டாலின்’ ஆகி, சில ஆண்டுகளில் ‘ஸ்டாலினோ’ ஆயிற்று. 1961இல் ஸ்டாலினின் பெயர் எங்கும் நீக்கப்பட்டபோது ‘டொனெட்ஸ்க்’ என்று மாறிற்று. பெயருக்குரிய தோனெட்ஸ் ஆறு அந்த ஊர் வழியாக ஓடவில்லை. மூன்று முறையும் பெயர் மேலிருந்தே வந்தது. ஊராரை யாரும் கேட்கவில்லை.

1889 முதல் 1892 வரை ஹ்யூஸ் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வேல்ஸிலிருந்து ஓர் இளம்பெண் வந்திருந்தார். அவர் பின்னாளில் தம் மகனுக்குச் சொன்ன யூஸிவ்காக் கதைகள், அந்த மகனை ரஷ்ய மொழி கற்க வைத்தன. அவர்தான் செய்தியாளர் கரெத் ஜோன்ஸ். 1930இல் தாயின் பழைய ஊரைப் பார்க்க வந்தார். 1933 மார்ச்சில் உக்ரைன் கிராமங்களின் வழியே நடந்து, மக்கள் பட்டினியால் சாவதைக் கண்டு, பெர்லினில் தம் பெயரிலேயே உலகுக்கு அறிவித்தார். மாஸ்கோவிலிருந்த புகழ்பெற்ற செய்தியாளர்கள் சிலர் அவரைப் பொய்யர் என்றார்கள். 1932-33 பஞ்சத்தில் உக்ரைனில் செத்தவர்கள் பல லட்சம் பேர். தப்பிய உக்ரைனிய விவசாயிகள் பலர் ரொட்டி அட்டைக்காகச் சுரங்கத்துக்கும் ஆலைக்கும் ஓடினார்கள். நிலத்தை விட்டு இறங்க மறுத்தவர்களைப் பட்டினி இறக்கியது. நகரத்தின் உக்ரைனியர் தொகை வளர்ந்த வழிகளில் இதுவும் ஒன்று என்பதை உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள்.

ஜெர்மானியப் படை 1941 அக்டோபர் முதல் 1943 செப்டம்பர் வரை நகரைப் பிடித்து வைத்திருந்தது. யூதர்கள் ஒரு பழைய கல்குவாரியில் அடைக்கப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். பல்லாயிரம் பேரின் உடல்கள் ஒரு சுரங்கக் குழிக்குள் எறியப்பட்டன. கரி எடுத்த குழியே புதைகுழியானது.

போருக்குப் பின் ஆலைகள் மீண்டும் எழுந்தன. கழிவுக் குன்றுகள் நகரின் நடுவிலேயே வளர்ந்தன. தெருவோரங்களில் ரோஜாக்கள் நடப்பட்டன. பள்ளிகளில் உக்ரைன் மொழி மெல்ல மெல்ல ஒதுங்கியது. அந்த நகரில் வளர்ந்து, அங்கேயே கல்லூரியில் படித்த கவிஞர் வசில் ஸ்டூஸ், உக்ரைன் மொழிக்காகவும் சக எழுத்தாளர்களின் விடுதலைக்காகவும் குரல் கொடுத்ததற்காகச் சிறைப்பட்டு, 1985இல் ரஷ்யாவின் பெர்ம் சிறைமுகாமில் உயிரிழந்தார். வெளியிலிருந்து எவரும் கொண்டுவந்து நட்ட குரல் இல்லை அது. சுரங்க நகரத்தின் குரல்.

1989 ஜூலையில் சைபீரியாவின் சுரங்கங்களில் தொடங்கிய வேலைநிறுத்தம் சில நாட்களில் டான்பாஸுக்குப் பரவியது. கோரிக்கைகளில் ஒன்று சோப்பு. நாட்டின் தொழிலைத் தாங்கிய மனிதன், கரித்தூளோடு குழியிலிருந்து ஏறி வந்தால் குளிக்கச் சோப்பு இல்லை. டொனெட்ஸ்க்கின் நடுச் சதுக்கத்தில் அவர்கள் உட்கார்ந்தார்கள். 1991 வசந்தத்தில் மறுபடி வேலையை நிறுத்தியபோது உக்ரைனின் இறைமையும் கோரிக்கைப் பட்டியலில் ஏறியிருந்தது. அவ்வாண்டு டிசம்பர் 1 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் டொனெட்ஸ்க் மாநிலத்தில் வாக்களித்தவர்களில் 83.9 சதவீதம் பேர் உக்ரைனின் விடுதலையை ஏற்றார்கள். ரஷ்ய மொழி பேசிய பெருந்தொகையினர் சேர்ந்து போட்ட வாக்கு அது. நகரின் பெயரையோ ஆட்சியையோ பற்றி ஊராரைச் சரியாகக் கேட்டது என்று சொல்லத்தக்க ஒரு முறை அது. அப்போது அவர்கள் தெளிவாகவே பதில் சொன்னார்கள். உங்கள் நண்பர் கேட்ட அடிப்படை இதுவே.

அதன்பின் மனத்தாங்கல் வந்தது என்பதும் உண்மை. 1993 ஜூனில் விலைவாசி தாங்காமல் மீண்டும் வேலைநிறுத்தம் நடந்தபோது, வட்டாரத் தன்னாட்சி வேண்டும் என்றார்கள். சம்பளம் மாதக்கணக்கில் நின்றது, சுரங்கங்கள் மூடப்பட்டன, திறந்திருந்தவையும் கொன்றன. 2007 நவம்பர் 18 அன்று ஜாஸ்யாட்கோ சுரங்கத்தில் மீத்தேன் வெடித்து 101 பேர் இறந்தார்கள். அதே சுரங்கம் 1999இலும் 2001இலும் ஐம்பதுக்குக் குறையாத உயிர்களை எடுத்திருந்தது. கியேவ் தங்களைக் கைவிட்டது என்று அந்த ஊரில் ஒருவர் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஆயினும் கோபத்துடன் தன் அரசிடம் நியாயம் கேட்பதும், இன்னொரு நாட்டின் படை உள்ளே வருவதும் ஒன்றல்ல. 2014 ஏப்ரலில் அதே மாநிலத்து ஸ்லோவியான்ஸ்க் நகரை ஆயுதத்துடன் பிடித்த கும்பலின் தலைவர் ரஷ்யக் குடிமகன். அந்நாட்டு உளவுத்துறையில் பணியாற்றியவர். போரைத் தொடங்கி வைத்தது தாமே என்று பின்னர் அவரே நேர்காணலில் சொன்னார்.

இன்று என்ன மிஞ்சியிருக்கிறது என்று கேட்டீர்கள். 2012இல் திறந்த விமான நிலைய முனையம் 2015 தொடக்கத்தில் கம்பிக் குவியலாக நின்றது. நகரின் கால்பந்துக் கழகமான ஷக்தார் – சுரங்கத் தொழிலாளி என்று பொருள் – 2014 முதல் சொந்த மைதானத்தில் ஆடவில்லை. பல்கலைக்கழகம் வின்னிட்ஸியாவுக்கு இடம்பெயர்ந்து, பின்னர் வசில் ஸ்டூஸின் பெயரைச் சூடியது. அவர் பிறந்த மாநிலமும் அதுவே. டொனெட்ஸ்க்கில் இருந்த அவருடைய நினைவுப் பலகை அகற்றப்பட்டது. இசோலியாட்சியா என்ற பழைய தொழிற்சாலை 2010இல் கலைக்கூடமாக மாறியிருந்தது. 2014இல் அதைக் கைப்பற்றியவர்கள் சிறையாக்கினார்கள். அங்கே மனிதர்கள் மின்சாரம் பாய்ச்சிச் சித்திரவதை செய்யப்பட்டதை, உயிருடன் வெளிவந்தவர்கள் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். 2022 செப்டம்பரில் ரஷ்யா அந்த மாநிலத்தைத் தனதென்று அறிவித்தது.

நிலக்கரிச் சுரங்கம் மூடிய பிறகும் சும்மா கிடப்பதில்லை. ஊற்றெடுக்கும் நீரை இடைவிடாமல் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இறைப்பானை நிறுத்தினால் நீர் ஏறி, உப்பையும் உலோகங்களையும் கரைத்துக்கொண்டு பக்கத்துச் சுரங்கங்களுக்குப் பரவும். மேலே நிலம் அமிழும். போர் தொடங்கியபின் பல சுரங்கங்களில் இறைப்பு நின்றுவிட்டது. 1979இல் சிறிய அணுவெடிப்புச் சோதனை நடந்த யூன்கொம் சுரங்கத்திலும், 2018இல் இறைப்பதை நிறுத்தினார்கள். நகருக்குக் குடிநீர் கொண்டுவந்த தோனெட்ஸ்–டான்பாஸ் கால்வாய் 2022இல் போர்முனையில் சிக்கிச் சிதைந்தது. அது முதல் டொனெட்ஸ்க்கின் குழாய்களில் சில நாட்களுக்கு ஒருமுறை, சில மணி நேரமே நீர் வருகிறது. மக்கள் வாளிகளிலும் குளியல் தொட்டிகளிலும் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் நிற்கும் தரைக்குக் கீழே, பாட்டன்மார் வெட்டிய குகைகளில், குடிக்க முடியாத நீர் ஏறிக்கொண்டிருக்கிறது.

அன்புடன்