சிவப்புப் பொட்டை மட்டும் நம்பாதீர்கள்

இமாச்சலத்தில் மணாலி, ரோதாங் கணவாய்ப் பக்கம் போய்வந்த தில்லி நண்பர்கள் வண்ணத்துப்பூச்சிப் படங்களோடு அனுப்பிய கேள்விகள் இவை. எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

கேள்வி (மயூர் விஹார்): அக்கா, வெள்ளை இறக்கையில் சிவப்புப் பொட்டு இருக்கிறது. காமன் ரெட் அப்பல்லோதானே?

பதில்: இல்லை, அதே அப்பல்லோ வகை மலை வண்ணத்துப்பூச்சிகளில் இன்னொன்றான காமன் ப்ளூ அப்பல்லோ. பெயரை நம்பி நானும் முதல் வருடம் முழுக்க இப்படித்தான் தப்பாகக் குறித்து வைத்திருந்தேன். ப்ளூவுக்கும் சிவப்புப் பொட்டு உண்டு. பின்னிறக்கையின் ஓரத்தை ஒட்டி வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள், அவற்றின் நடுவில் நீலம், தேட வேண்டியது அதைத்தான்; உங்கள் படத்தில் வலது இறக்கை கிழிந்திருந்தாலும் இடது பக்கம் நாலு புள்ளி பளிச்சென்று தெரிகிறது. ரெட் அப்பல்லோவில் இந்த நீல வரிசை கிடையாது, விளிம்பு மயிர் கறுப்பும் வெள்ளையுமாக மாறி மாறி வரும். இறக்கைச் செதில் உதிர்ந்த கிழட்டுப் பூச்சி என்றால் எனக்கும் குழப்பம்தான்.

கேள்வி (ஆர்.கே.புரம்): ஒரு அப்பல்லோவின் வயிற்று நுனியில் என்னமோ ஒட்டிக்கொண்டிருக்கிறதே, நோயா?

பதில்: நோயெல்லாம் இல்லை, இணை சேர்ந்த பெண் அது. சேரும்போது ஆண் சுரந்து பூசும் பசை காய்ந்து மூடி மாதிரி ஆகிவிடும், அடுத்த ஆண் நெருங்க முடியாது. அந்த மூடியின் வடிவம் இனத்துக்கு இனம் மாறும் என்பதால் எனக்குப் பொட்டைவிட அதில்தான் நம்பிக்கை. அடுத்த முறை பக்கவாட்டிலும் ஒரு படம் எடுங்கள்.

கேள்வி: ஆரஞ்சுப் பூச்சி ஒன்று, உட்கார்ந்தால் இறக்கையை விரிக்கவே மாட்டேன் என்கிறது.

பதில்: டார்க் க்ளவுடட் யெல்லோவாக இருக்கும், அந்தக் கூட்டமே அப்படித்தான். பறக்கும்போது வரிசையாகப் படம் எடுங்கள், முப்பதில் ஒன்று தேறும். கறுப்பு விளிம்புக்குள் மஞ்சள் புள்ளி இருந்தால் பெண்.

கேள்வி (கரோல் பாக்): லோதி தோட்டத்தில் பார்த்த பெயின்டட் லேடியை மலையிலும் பார்த்தேன், சரியா?

பதில்: பார்த்திருக்கலாம், அது ஊர் சுற்றி. ஆனால் பின்னிறக்கை பாருங்கள்: முழுக்க ஆரஞ்சாக, கறுப்புப் புள்ளி வரிசையோடு இருந்தால்தான் அது. பழுப்பாக இருந்து ஓரத்தில் மட்டும் சிவப்புப் பட்டை என்றால் இந்தியன் ரெட் அட்மிரல்.

கேள்வி: அப்பல்லோ பார்க்க, ரோதாங்குக்கு அந்தப் பக்கம் இருக்கும் லாஹௌலுக்குப் போகும் பஸ்ஸிலேயே போகலாமா?

பதில்: 2020இல் அடல் சுரங்கம் திறந்த பிறகு அந்த பஸ் மலைக்கு அடியிலேயே போய்விடுகிறது. ரோதாங் ஏற பெர்மிட் எடுத்துத் தனி வண்டியில் போங்கள். மேகம் மறைத்தால் அலுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள், அப்போதுதான் அப்பல்லோ கல்லிலோ புல்லிலோ இறங்கி உட்காரும்.