ஃபில்டர் கண்ணுக்குத் தெரியக்கூடாது, கைக்கு எட்டணும்: வீட்டுல ஒட்டுற மீன் தொட்டி

கேள்வி: 3 அடி நீளத்துல ஒரு மீன் தொட்டி நானே ஒட்டலாம்னு இருக்கேன். ஸ்பாஞ்ச் ஃபில்டர், டியூப், ஒயர்னு எல்லாம் உள்ள தொங்கிட்டு இருந்தா தொட்டியோட அழகே போயிடுது. பின்பக்கம் ஒரு கருப்பு அக்ரிலிக் ஷீட்டை சிலிகான் வெச்சு ஒட்டிட்டு, அதுக்குப் பின்னாடி ஃபில்டரை ஒளிச்சு வெச்சா சரியா வருமா? கோல்ட்ஃபிஷ் 6 விடணும்னு ஆசை.

பதில்: ஐடியா நல்ல ஐடியாதான், அந்த ஷீட்டை மட்டும் மாத்துங்க. சிலிகான் கண்ணாடியில பிடிக்கிற மாதிரி அக்ரிலிக்ல பிடிக்காது, போகப்போக ஓரத்துல விட்டுக்கும், போதாததுக்கு அக்ரிலிக் தண்ணிய கொஞ்சம் உறிஞ்சி வளையவும் செய்யும், மெல்லிசு ஷீட்னா நடுவுல தொப்பை போட்டுடும். அந்த இடைவெளியில ஒரு சின்ன மீன் உள்ள போயிட்டா அவ்ளோதான். தடுப்பையும் கண்ணாடியிலயே போடுங்க, டார்க் டின்ட் கண்ணாடி கிடைச்சா ரொம்ப நல்லது. ஃபிலிம் ஒட்டுறதா இருந்தா தொட்டிக்கு வெளிப்பக்கம்தான் ஒட்டணும், தண்ணிக்குள்ள ஒட்டினா உரிஞ்சு வரும். பின்பக்கக் கண்ணாடிக்கு வெளிய முழுசா கருப்பு வினைல், பக்கக் கண்ணாடிகள்ல பின் அறை வர்ற அளவுக்கு மட்டும் கருப்பு, மேல மூடி. உள்ள இருட்டாயிட்டா டின்ட் கண்ணாடிக்குப் பின்னாடி ஒண்ணும் தெரியாது, வெளிச்சம் போகாததால அறைக்குள்ள பாசியும் அவ்வளவா பிடிக்காது.

இப்போ அளவு. 3 அடி தொட்டின்னா எல்லாரும் 90 செ.மீ. நீளம், 40 அகலம், 40 உயரம்னு ஆரம்பிப்பாங்க, அதுல பின்னாடி 12 செ.மீ. ஃபில்டருக்குக் குடுத்துட்டா மீனுக்கு 26 தான் மிஞ்சும். இதுல இன்னொரு விஷயம் இருக்கு, தண்ணி ஒளியை வளைக்கிறதால முன்னாடி நின்னு பார்க்கும்போது உள் ஆழம் முக்கால்வாசிதான் தெரியும், அதாவது அந்த 26 உங்க கண்ணுக்கு 20 மாதிரி இருக்கும், சுவத்துல தட்டையா மாட்டின படம் மாதிரி. கல்லு, கட்டை, செடின்னு முன்னுக்குப் பின்னா அடுக்கி வெச்சாலும் எடுபடாது. அதனால அகலத்தை 50 ஆக்குங்க. 10 மி.மீ. கண்ணாடி, ஓரம் பாலிஷ் பண்ணினது, டெம்பர்ட் வேணாம் (அதை அப்புறம் வெட்டவோ துளை போடவோ முடியாது). அடிக்கண்ணாடி 90க்கு 50, முன்னும் பின்னும் 90க்கு 40, அது ரெண்டுக்கும் நடுவுல உட்கார்ற பக்கக் கண்ணாடி 47.8க்கு 40. கண்ணாடி தடிமன் ரெண்டு பக்கமும் சேர்த்து 2 செ.மீ., சிலிகானுக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு மில்லிமீட்டர், அதான் அந்தக் கணக்கு. தண்ணி, கல்லு, கண்ணாடி எல்லாம் சேர்ந்தா 200 கிலோவைத் தாண்டும், அதனால ஸ்டாண்டு விஷயத்துல கஞ்சத்தனம் வேணாம், மட்டம் பார்த்து வெச்சு தொட்டிக்கு அடியில ஃபோம் ஷீட் போட்டுடுங்க.

சிலிகான் வாங்கும்போது 100 சதவீத சிலிகான், வினிகர் வாசம் அடிக்கிற வகை, பூஞ்சைத் தடுப்பு மருந்து சேர்க்காதது. பாத்ரூமுக்குன்னு விக்கிறதுல பெரும்பாலும் அந்த மருந்து இருக்கும், மீனுக்கு அது விஷம். ஓரத்தையெல்லாம் ஐசோபுரோபைல் ஆல்கஹால்ல துடைச்சிட்டு ஒட்டுங்க, ஒட்டினதும் ஒரு வாரம் கை வைக்காதீங்க. அப்புறம் தண்ணி ஊத்தினா பரவாயில்லங்கிற இடத்துல வெச்சு ரெண்டு நாள் நிரப்பிப் பாருங்க, அப்போ அறைக்கு உள்ளயும் வெளியவும் சேர்த்தே நிரப்பணும், ஒரு பக்கம் மட்டும் நிரப்பினா தடுப்புமேல முழு அழுத்தமும் விழும். ரெண்டு பக்கமும் தண்ணி இருந்தா தடுப்புக்கு பெரிய பளு கிடையாது, 6 மி.மீ. கண்ணாடியே தாராளம்.

பின் அறையை மூணா பிரிக்கணும். இடது மூலையில 22 செ.மீ. ஸ்பாஞ்சுக்கு, நடுவுல 35 செராமிக் ரிங்குக்கு (மீன் கழிவை மாத்துற நல்ல பாக்டீரியா குடியிருக்கிற இடம்), மிச்சம் கிட்டத்தட்ட 30 பம்புக்கு. தண்ணி தொட்டியோட மேல்மட்டத்துல இருந்துதான் உள்ள வரணும், அப்போதான் மேல மிதக்கிற எண்ணெய்ப் படலமும் சேர்ந்து போகும். இதுக்காக கண்ணாடியில பல்லு பல்லா வெட்டிட்டு இருக்காதீங்க, நீளத் தடுப்பை ரெண்டு துண்டா வாங்கி, ஸ்பாஞ்சு அறைக்கு நேரா வர்ற துண்டை மட்டும் 35 செ.மீ. உயரத்தோட நிறுத்திட்டு அதுமேல மீன் உள்ள போகாம தடுக்கிற பிளாஸ்டிக் சீப்பு மாட்டிடலாம். ரெண்டு துண்டும் சேர்ற இடத்துல சரியா முதல் குறுக்குத் தடுப்பு வந்துடும், ஜாயின்ட்டும் தெரியாது. அந்த முதல் குறுக்குத் தடுப்பு அடியில 4 செ.மீ. தூக்கி இருக்கணும், தண்ணி ஸ்பாஞ்சு வழியா கீழ இறங்கி, அந்த இடுக்குல புகுந்து, செராமிக் ரிங் வழியா மேல ஏறும். ரெண்டாவது குறுக்குத் தடுப்பு அடியில இருந்து 30 செ.மீ. உயரம், அதைத் தாண்டி பம்பு அறைக்குள்ள விழும். பம்புல இருந்து வர்ற பைப் தடுப்புமேல ஏறி வலது மூலையில தொட்டிக்குள்ள இறங்கட்டும், முனையை முன்பக்க இடது மூலையைப் பார்த்துத் திருப்பி வெச்சா தண்ணி முழுத் தொட்டியும் சுத்திட்டு வரும். தொட்டித் தண்ணி சுமார் 145 லிட்டர், மணிக்கு 700 – 800 லிட்டர் தள்ளுற, வேகம் கூட்டிக் குறைக்கிற பம்பு போதும்.

நிறைய பேர் கோட்டை விடுற இடம் பம்பு அறைதான். தண்ணி எங்க ஆவியானாலும் பெரிய தொட்டியில மட்டம் குறையாது, குறையறது எல்லாம் இந்தக் கடைசி அறையிலதான். ஒரு நாளைக்கு அரை லிட்டர் போகுதுன்னா 12க்கு 30 அறையில ஒண்ணரை செ.மீ. இறங்கும், இதே அறையை 12க்கு 10ன்னு சின்னதா கட்டியிருந்தா 4 செ.மீ.க்கு மேல, ரெண்டு நாள் ஊருக்குப் போயிட்டு வந்தா பம்பு காத்தைக் குடிச்சிட்டு கத்திட்டு இருக்கும். ஹீட்டர் வைக்கிறதா இருந்தா அதையும் பம்பு அறையில போடாதீங்க, நடு அறையில போடுங்க, அங்க மட்டம் மாறாது.

சீப்பு இலை அடைச்சிக்கிட்டா தரையெல்லாம் தண்ணியாகுமான்னு யோசிப்பீங்க. பம்பு அறையில இருக்கிற ஏழெட்டு லிட்டர்தான் தொட்டிக்குள்ள வந்து சேரும், அதனால ரெண்டரை செ.மீ. மட்டம் ஏறும், அவ்வளவுதான். விளிம்புக்குக் கீழ 3 – 4 செ.மீ. விட்டு வைக்கச் சொல்றது அதுக்குத்தான். கரண்ட் போனாலும் பயம் இல்ல, எல்லாம் ஒரே பெட்டிக்குள்ள இருக்கிறதால மட்டம் சமமாகி நின்னுடும், ஸ்டாண்டுக்கு அடியில தனியா வைக்கிற ஃபில்டர் தொட்டியில (சம்ப்) இருக்கிற தலைவலி இதுல கிடையாது. ஒயர் எல்லாம் பிளக்குக்குக் கீழ ஒருதடவை தொங்கி மேல ஏறட்டும், அப்போ ஒயர் வழியா வழியிற தண்ணி பிளக்குக்குப் போகாது.

12 செ.மீ. அகலம் ஏன்னா கை போகணும். 8 செ.மீ. விட்டு அழகா மறைச்சிட்டு, அப்புறம் பம்பை எடுக்க முடியாம தவிக்கிறவங்க ஏராளம். ஸ்பாஞ்சு மேல இருந்து உருவுற மாதிரி இருக்கணும், செராமிக் ரிங்கை வலைப்பையில போட்டு நூல் கட்டி, அடியில ஒரு பிளாஸ்டிக் கிரில் குடுத்து தூக்கி வெச்சுடுங்க. ஸ்பாஞ்சை 2 வாரத்துக்கு ஒருதடவை, தொட்டியில இருந்து எடுத்த தண்ணியிலயே பிழியுங்க, குழாய்த் தண்ணியில இருக்கிற குளோரின் அதுல குடியிருக்கிற பாக்டீரியாவைக் கொன்னுடும். செராமிக்கை மாசக்கணக்குல தொடவே வேணாம்.

தடுப்புமேல கல்லு மாதிரி ஃபோம் செதுக்கி சிமென்ட் பூசுறது இப்போ நிறைய பேர் பண்றாங்க. பார்க்க நல்லாத்தான் இருக்கு, ஆனா சிமென்ட்ல இருந்து சுண்ணாம்பு கரைஞ்சு தண்ணியோட காரத்தன்மை (பிஎச்) ஏறும், வாரக்கணக்குல தண்ணி மாத்தி மாத்தி ஊற வைக்கணும். எனக்குக் கேட்டா வெறும் கருப்புப் பின்னணியும் ஒரு நல்ல மரக்கட்டையும் அதுல கட்டின அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் செடிகளும் போதும், பச்சை அந்தக் கருப்புலதான் எடுப்பா தெரியும்.

மீன் விஷயத்துல 6 கோல்ட்ஃபிஷ் வேணாங்க. அது வளர்ற மீன், சாப்பிட்டுக்கிட்டே கழிவு போட்டுக்கிட்டே இருக்கும், போதாததுக்கு செடியையும் பிடுங்கும். உருண்டை வகைன்னா இந்தத் தொட்டிக்கு 2 போதும். செடி வெச்சு அழகா வேணும்னா நியான் டெட்ரா 15, அடியில மேய கோரிடோராஸ் 6, இது ரொம்ப நல்லா இருக்கும். எதுவா இருந்தாலும் தண்ணி ஊத்தின மறுநாளே விடாதீங்க. குளோரின் நீக்குற மருந்து போட்டு, துளி அம்மோனியாவோ கொஞ்சம் மீன் தீனியோ போட்டு பம்பை ஓட விடுங்க. செராமிக்ல பாக்டீரியா வளர்ந்து அம்மோனியாவை நைட்ரைட்டாவும் அதை நைட்ரேட்டாவும் மாத்த ஆரம்பிக்க 4ல இருந்து 6 வாரம் ஆகும். டெஸ்ட் கிட்ல அம்மோனியாவும் நைட்ரைட்டும் சைபர்னு காட்டினதும் முதல்ல கோரிடோராஸ், ஒரு 10 நாள் கழிச்சு திரும்ப டெஸ்ட் பண்ணிப் பார்த்துட்டு டெட்ராவை விடுங்க.